ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும்: ஆவணங்களில் நம்மைக் குழப்பும் ஆங்கிலச் சொற்கள்

 

தமிழில் 'அரம்' என்றால் இரும்பைத் தேய்க்கும் கருவி. 'அறம்' என்றால் தருமம். அரபியில் 'கல்ப்' என்பதை அடிநாக்கிலிருந்து வரும் காஃப் கொண்டு எழுதினால் இதயம். மற்ற காஃப் கொண்டு எழுதினால் நாய். பிள்ளைகள் ஓதும்போது இந்த வேறுபாட்டை உஸ்தாதுமார்கள் திருத்தாமல் விடுவதில்லை. ஆங்கிலத்திலும் இதே போல ஓர் எழுத்தில் பொருள் தலைகீழாகும் சொற்கள் நிறைய உண்டு. ஆனால் வங்கியிலோ பத்திர எழுத்தரிடமோ உட்கார்ந்திருக்கும்போது நம்மைத் திருத்த உஸ்தாத் பக்கத்தில் இருப்பதில்லை. கையெழுத்துப் போட்டுப் பல மாதங்கள் கழித்துத்தான் விஷயம் தெரிய வருகிறது.

வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்று, வெளிநாட்டு வேலைக்கான காகிதம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி என்று பலவற்றை மஹல்லா மக்கள் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வந்து விளக்கம் கேட்கிறார்கள். அவற்றைப் படித்துச் சொல்லும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. முழுக்கத் தெரியாத சொல்லைப் பார்த்தால் யாராக இருந்தாலும் 'இது என்ன?' என்று கேட்கிறார்கள். தெரிந்த சொல்லைப் போலவே இருக்கும் தெரியாத சொல்லைப் பார்த்தால் கேட்பதில்லை. தெரிந்த பொருளையே வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். படித்த பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. அப்படிப்பட்ட சொற்களைத்தான் இந்தக் கட்டுரையில் ஜோடி ஜோடியாகப் பார்க்கிறோம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சொல்லின் முன்பகுதி, வால், நடு எழுத்து ஆகிய மூன்று இடங்களைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முன்னால் ஒட்டும் எழுத்துகள்

ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி லத்தீன், பிரெஞ்சு, கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை. லத்தீனில் ஒரே வேர்ச்சொல்லுக்கு முன்னால் சிறு ஒட்டுகளைச் சேர்த்துப் பல சொற்களை உண்டாக்குவார்கள். 'ஈ' அல்லது 'எக்ஸ்' என்று தொடங்கினால் பெரும்பாலும் 'வெளியே' என்று பொருள். 'இன்' என்று தொடங்கினால் 'உள்ளே' என்றோ 'அல்லாத' என்றோ பொருள். இந்த 'இன்', அடுத்து எல் எழுத்து வந்தால் 'இல்' ஆகும். எம் எழுத்து வந்தால் 'இம்' ஆகும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

எலிஜிபிள் – இல்லெஜிபிள்: முதலாவது ஈ எழுத்தில் தொடங்கும், 'தகுதி உள்ளவர்' என்று பொருள். இரண்டாவது ஐ எழுத்தில் தொடங்கி, அடுத்து இரண்டு எல் எழுத்துகள் வரும். 'வாசிக்க முடியாதபடி இருக்கிறது' என்று பொருள். 'தகுதி இல்லாதவர்' என்பதற்கு 'இன்எலிஜிபிள்' என்று மூன்றாவது சொல் வேறு இருக்கிறது. கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்த ஒரு மாணவிக்கு, வருமானச் சான்றிதழ் 'இல்லெஜிபிள்' என்று பதில் வந்தது. வீட்டில் அதை 'எலிஜிபிள்' என்று படித்துவிட்டுப் பணம் வரும் என்று காத்திருந்தார்கள். ஸ்கேன் மங்கலாக இருக்கிறது, மறுபடி தெளிவாக ஏற்றுங்கள் என்பதுதான் அதன் பொருள். இரண்டு நிமிட வேலை. தெரிய வந்தபோது கடைசித் தேதி போய்விட்டது. அந்த ஆண்டுத் தொகையும் போய்விட்டது.

எமிக்ரேஷன் – இமிக்ரேஷன்: ஈ எழுத்தில் தொடங்குவது, சொந்த நாட்டை விட்டு வெளியே போவது. ஐ எழுத்தில் தொடங்கி இரண்டு எம் வருவது, இன்னொரு நாட்டுக்குள் நுழைவது. இந்திய பாஸ்போர்ட்டில் வரும் 'ஈ.சி.ஆர்.' என்பதில் உள்ள ஈ, எமிக்ரேஷனைக் குறிக்கும். 'வெளியேறும் முன் சரிபார்ப்பு தேவை' என்று பொருள். அப்படிப்பட்ட பாஸ்போர்ட் உள்ளவர் சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் 1983ஆம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. எனவே பாஸ்போர்ட் எடுக்கும்போதே அந்தச் சான்றிதழை இணைத்துவிட வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், நம் விமான நிலையங்களில் வெளிநாடு போகும்போதும் நாம் நிற்கிற கவுன்டரின் பெயர் 'இமிக்ரேஷன்'. அங்கே முத்திரை விழுந்துவிட்டது என்பதால் எமிக்ரேஷன் அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. இரண்டும் வேறு. சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே வேலை தருவதாகச் சொல்லும் ஏஜென்ட், இந்த இரண்டு சொற்களும் ஒன்றுதான் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி பெற்று முறையாகப் போனவருக்கு வேலை ஒப்பந்தமும் காப்பீடும் பதிவில் இருக்கும். இல்லாதவருக்குச் சம்பளப் பிரச்சினை வந்தால் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

அஃப்ளுயன்ட் – எஃப்ளுயன்ட்: இரண்டுக்கும் வேர் 'ஓடுதல்'. ஏ எழுத்தில் தொடங்குவது 'நோக்கி ஓடி வருவது'. செல்வம் ஓடி வந்து சேர்ந்தவர், அதாவது வசதி படைத்தவர். ஈ எழுத்தில் தொடங்குவது 'வெளியே ஓடுவது', ஆலைக் கழிவுநீர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழில் குடும்பங்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். பாலாற்றுப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பிறகு, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்ற பொருளில் எஃப்ளுயன்ட் என்பது அங்கே அன்றாடச் சொல்லாகிவிட்டது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் பரீட்சையில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

எலிசிட் – இல்லிசிட்: ஈ எழுத்தில் தொடங்குவது, ஒருவரிடமிருந்து பதிலையோ தகவலையோ வரவழைத்தல். ஐ எழுத்தில் தொடங்குவது, சட்டத்துக்குப் புறம்பானது. கள்ளச்சாராயம் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் இரண்டாவது சொல் தவறாமல் வரும்.

பிரிஸ்கிரைப் – புரோஸ்கிரைப்: 'பிஆர்ஈ' என்று தொடங்கினால் மருந்து எழுதிக் கொடுத்தல், அல்லது விதிமுறையை வகுத்தல். 'பிஆர்ஓ' என்று தொடங்கினால் தடை செய்தல். முதலாவது 'செய்' என்கிறது. இரண்டாவது 'செய்யாதே' என்கிறது. இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கி.மு. 82இல் ரோம் நகரைக் கைப்பற்றிய சுல்லா என்பவர், தன் எதிரிகளின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் ஒட்ட வைத்தார். பெயர் வந்தவரை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், சொத்து பறிமுதலாகும். அப்படி எழுதி ஒட்டியதிலிருந்துதான் 'தடை செய்யப்பட்ட' என்ற பொருள் வந்தது. இன்று தடை செய்யப்பட்ட புத்தகம், தடை செய்யப்பட்ட அமைப்பு என்று அரசு அறிவிக்கும்போது ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைக் காணலாம். 'பாடத்திட்டத்தில் வகுக்கப்பட்ட நூல்' என்று எழுத வந்தவர் ஈக்குப் பதில் ஓ போட்டால், 'தடை செய்யப்பட்ட நூல்' ஆகிவிடும்.

பிராசிக்யூட் – பெர்சிக்யூட்: முதலாவது நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்தல். காலி மனைகளில் 'அத்துமீறி நுழைபவர்கள் மீது வழக்குத் தொடரப்படும்' என்று வைத்திருக்கும் ஆங்கிலப் பலகையில் உள்ளது இதுதான். இரண்டாவது கொடுமைப்படுத்துதல், துன்புறுத்துதல். புகார் மனு எழுதும்போது இதை மாற்றிப் போட்டால், 'அவர் மீது வழக்குத் தொடர வேண்டும்' என்பதற்குப் பதில் 'அவரைக் கொடுமைப்படுத்த வேண்டும்' என்று கேட்டதாகிவிடும்.

வாலைப் பார்த்தால் ஆளைத் தெரியும்

பத்திரங்களில் ஒரே சொல் இரண்டு வால்களோடு வரும். ஒன்று 'ஓஆர்' என்று முடியும். மற்றது 'ஈஈ' என்று முடியும். ஓஆர் வால் செய்பவரைக் குறிக்கும். ஈஈ வால் பெற்றுக்கொள்பவரைக் குறிக்கும். மத்ரஸாவில் ஸர்ஃப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓஆர் என்பது ஃபாயில், ஈஈ என்பது மஃப்ஊல் என்று வைத்துக்கொண்டால் போதும். 'அப்சென்டீ' போன்ற சில விதிவிலக்குகள் இருந்தாலும், பத்திரங்களில் இந்த விதி ஏமாற்றாது.

வென்டார் விற்பவர், வென்டீ வாங்குபவர். லெஸ்ஸார் வீட்டையோ கடையையோ குத்தகைக்குக் கொடுப்பவர், லெஸ்ஸீ எடுப்பவர். டோனர் தானம் கொடுப்பவர், டோனீ பெறுபவர். ஹிபா பத்திரத்தில் வாஹிப் என்பவரும் மவ்ஹூப் லஹு என்பவரும் இவர்கள்தான். வெளிநாட்டிலிருந்து கார்கோ அனுப்பும்போது கன்சைனர் அனுப்புபவர். கன்சைனீ சரக்கைப் பெறுபவர். இந்த இரண்டு கட்டங்களையும் மாற்றி நிரப்பினால் சரக்கு யார் பெயரில் வந்து இறங்குகிறது என்பதே குழப்பமாகிவிடும்.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது மார்ட்கேஜர், மார்ட்கேஜீ ஜோடி. 'வங்கி கடன் கொடுக்கிறது, எனவே ஓஆர் வால் வங்கிக்கு' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தச் சொல் பணத்தைப் பற்றியது அல்ல, அடமானத்தைப் பற்றியது. அடமானமாகச் சொத்தைக் கொடுப்பவர் வீட்டுக்காரர். எனவே அவர்தான் மார்ட்கேஜர். அதைப் பெற்றுக்கொள்ளும் வங்கி மார்ட்கேஜீ. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் 58ஆம் பிரிவு இப்படித்தான் வரையறுக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் ராஹின், முர்தஹின் என்று படித்ததும் இதே வரிசைதான். 'மார்ட்கேஜர் தவணை தவறினால் மார்ட்கேஜீ இன்னின்ன செய்யலாம்' என்ற வரியில் நாம் யார் என்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கேரன்டார் என்ற சொல்லையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜாமீன் கொடுப்பவர் என்று பொருள். இதைச் சாட்சி என்று நினைத்துக்கொண்டு நண்பருக்காகவும் மச்சானுக்காகவும் கையெழுத்துப் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாட்சிக்கு ஆங்கிலத்தில் 'விட்னஸ்' என்று வேறு சொல் உண்டு. சாட்சி பணம் கட்ட வேண்டியதில்லை. ஜாமீன்தாரர் கட்ட வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

கடன் காகிதத்தில் இன்னொரு ஜோடியும் வரும். பிரின்சிபல், 'பிஏஎல்' என்று முடிந்தால் அசல் தொகை; முதன்மையான கடனாளியைக் குறிக்கும் தொடரிலும் கல்லூரி முதல்வரின் பதவியிலும் இதே சொல்தான். 'பிஎல்ஈ' என்று முடிந்தால் கொள்கை. உச்சரிப்பு ஒன்றே.

நடுவில் ஒளிந்திருக்கும் எழுத்து

லீயன் – லைன்: இரண்டிலும் அதே நான்கு எழுத்துகள். எல், ஐ, என், ஈ என்றால் 'கோடு'. எல், ஐ, ஈ, என் என்றால், கடனுக்கோ வழக்குக்கோ ஈடாகப் பணத்தின் மீதோ சொத்தின் மீதோ உள்ள பிடிப்புரிமை. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் இந்தச் சொல் இருந்தால், அதில் காட்டிய தொகை உங்கள் கணக்கில் இருக்கும். ஆனால் எடுக்க முடியாது. பழைய கடன் பாக்கிக்காகவும் இருக்கலாம். உங்கள் கணக்குக்கு வந்த பணம் ஏதோ இணைய மோசடிப் புகாரில் சிக்கியதாகவும் இருக்கலாம். 'ஏதோ லைன் பிரச்சினை, சரியாகிவிடும்' என்று விட்டுவிடாமல் உடனே கிளைக்குப் போய்க் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இன்டெஸ்டேட் – இன்டர்ஸ்டேட்: இரண்டாவது தெரிந்த சொல், மாநிலங்களுக்கு இடையிலானது என்று பொருள். முதலாவதில் நடுவில் ஆர் இல்லை. உயில் எழுதாமல் இறந்தவர் என்று பொருள். வாரிசுரிமை வழக்குகளிலும் வங்கிக் கோரிக்கைப் படிவங்களிலும் இது வரும். வாப்பா உயில், வஸிய்யத் எதுவும் எழுதாமல் மவுத்தாகிவிட்டார் என்றால் இந்தச் சொல் அவருக்குப் பொருந்தும். இதைப் பார்த்துவிட்டு, 'நாங்கள் வெளிமாநிலம் இல்லையே' என்று அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அதே படிவத்தில் டிசீஸ்டு என்ற சொல்லும் இருக்கும். 'டிஈசி' என்று தொடங்கினால் இறந்தவர். 'டிஐஎஸ்' என்று தொடங்கினால் நோயுற்றவர். டிவைஸ் என்ற சொல் எஸ் எழுத்தோடு வந்தால், உயிலில் நிலபுலனை எழுதி வைத்தல். சி எழுத்தோடு வந்தால் கருவி.

அட்வர்ஸ் – அவர்ஸ்: டி எழுத்து உள்ளது 'எதிரான, பாதகமான', டி இல்லாதது 'விருப்பமில்லாத'. நிலம் வைத்திருப்பவர்கள் 'அட்வர்ஸ் பொசஷன்' என்ற தொடரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் ஒருவர் நிலத்தை அனுபவித்து வருவது இது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தில் 12 ஆண்டுகளுக்குள் உரிமையாளர் வழக்குப் போடவில்லை என்றால் நிலத்தை மீட்கும் உரிமை போய்விடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள மனையை ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் விடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஆர்டினன்ஸ் – ஆர்ட்னன்ஸ்: நடுவில் ஐ இருந்தால் அவசரச் சட்டம். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கூடாத நேரத்தில் குடியரசுத் தலைவரும் ஆளுநரும் பிறப்பிப்பது. ஐ இல்லாவிட்டால் பீரங்கி முதலான போர்த் தளவாடங்கள். திருச்சியில் உள்ள தொழிற்சாலையின் பெயரில் இருப்பது இரண்டாவது. வேலை விண்ணப்பத்தில் பெயரைத் தவறாக எழுதும் பிள்ளைகள் பலர். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஐ எழுத்து உதிர்ந்து இரண்டாவது சொல் பிரிந்துவிட்டது.

அப்ரைஸ்: இப்படி இரண்டு சொற்கள். 'ஏஐஎஸ்' என்று நடுவில் வந்தால் மதிப்பிடுதல். நகைக்கடன் வாங்கும்போது தங்கத்தை உரசிப் பார்க்கும் மதிப்பீட்டாளரின் பதவிப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். அந்த ஏ எழுத்து இல்லாமல் 'ஐஎஸ்' மட்டும் வந்தால் தகவல் தெரிவித்தல். நகைக்கடன் கடிதத்தில் இரண்டும் வரலாம். முதலாவது வந்தால் நகையின் மதிப்பைப் பற்றிய பேச்சு. இரண்டாவது வந்தால் ஏல அறிவிப்பு போன்ற ஏதோ ஒன்றை உங்களுக்குத் தெரிவித்துவிட்டதாக வங்கி பதிவு செய்கிறது, தேதியைப் பாருங்கள்.

வேவ்: டபிள்யூ, ஏ, வி, ஈ என்றால் அலை, அல்லது கையசைத்தல். நடுவில் ஐ சேர்ந்தால் உரிமையையோ கட்டணத்தையோ விட்டுக்கொடுத்தல். கல்லூரிக் கட்டணம் தள்ளுபடி என்ற நல்ல செய்தியும் இந்தச் சொல்லில் வரும். 'எனக்குள்ள உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன்' என்ற ஆபத்தான வரியும் இதே சொல்லில் வரும். எனவே கட்டணத்தைப் பற்றியதா, உரிமையைப் பற்றியதா, விட்டுக்கொடுப்பவர் யார் என்று பாருங்கள். இதன் உறவுக்காரன் ஃபார்கோ. நடுவில் ஈ இல்லாமல் எழுதினால் ஒன்றை வேண்டாம் என்று விடுதல். ஈ சேர்த்தால் முன்னே செல்லுதல். 'மேலே சொல்லப்பட்டவை' என்று பத்திரங்களில் வருவது ஈ சேர்ந்த சொல்.

கவுன்சில் – கவுன்சல் – கான்சல்: முதலாவது மன்றம், நகராட்சி மன்றம், சட்ட மேலவை போல. இரண்டாவது ஆலோசனை, அல்லது நீதிமன்றத்தில் நமக்காக வாதாடும் வழக்கறிஞர். மூன்றாவது வெளிநாட்டில் நம் அரசின் சார்பில் இருக்கும் துணைத் தூதர். ஜித்தாவிலும் துபாயிலும் இருப்பவை இந்தியத் துணைத் தூதரகங்கள். ரியாத்திலும் அபுதாபியிலும் இருப்பவை தூதரகங்கள். அங்கே உள்ள பிள்ளைகளுக்குச் சிக்கல் வந்தால் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று குடும்பத்தாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனைக் காகிதத்தில்

இதுவரை பார்த்த ஜோடிகளில் போவது பணம். இங்கே போவது உயிர்.

கிரேக்க மொழியில் 'ஹைபர்' என்றால் மேலே, அதிகம். 'ஹைப்போ' என்றால் கீழே, குறைவு. ஹைபர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம். ஹைப்போடென்ஷன் குறைந்த ரத்த அழுத்தம். இதில் வரும் டென்ஷனுக்கும் நாம் அன்றாடம் சொல்கிற மன டென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. 'எனக்குக் கவலை எதுவும் இல்லை, ஹைபர்டென்ஷன் எப்படி வரும்?' என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சர்க்கரை நோயில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். ஹைபர்கிளைசீமியா ரத்தச் சர்க்கரை கூடுவது. ஹைப்போகிளைசீமியா குறைவது, பொதுவாக 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இப்படிச் சொல்வார்கள். குறைந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும். அப்போது நினைவோடு இருப்பவருக்கு உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 'முன்பு ஹைப்போ வந்தது' என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்பதை ஹைபர் என்று படித்துவிட்டு, உம்மாவுக்குத் தலைசுற்றும்போதெல்லாம் இனிப்பைத் தடுத்தால் விபரீதமாகிவிடும். நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகளின் வீட்டில் எல்லாருக்கும் இந்த இரண்டு சொற்களும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓரல் என்பது ஓ எழுத்தில் தொடங்கினால் வாய்வழி; 'ஏயூ' என்று தொடங்கினால் காது சார்ந்தது. டிஸ்ஃபேஜியா, ஜி எழுத்தோடு வந்தால் விழுங்குவதில் சிரமம். டிஸ்ஃபேசியா, எஸ் எழுத்தோடு வந்தால் பேசுவதிலும் சொல்லைப் புரிந்துகொள்வதிலும் சிரமம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டில் எதுவும் வரலாம். முதலாவது எழுதியிருந்தால், எதை எப்படிச் சாப்பிடக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்காமல் கஞ்சிகூட ஊட்டக் கூடாது; மூச்சுக்குழலில் போய்விடும்.

மருந்துப் பெயர்களிலும் இதே தொல்லை. வயிற்று அமிலத்துக்கான ஓமெப்ரசோல் முதலில் அமெரிக்காவில் லோசெக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்யும் லாசிக்ஸ் மருந்தோடு அதைக் குழப்பிக் கொடுத்ததால், 1990இல் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள். ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தருவது; ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. இப்படிப்பட்ட பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையும் மருந்துத் துறையில் உண்டு. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியதும் அட்டையிலுள்ள பெயரை மருத்துவர் எழுதியதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 'இது எதற்கான மாத்திரை?' என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கு

அதிகம் புழங்காத சொற்களைப் போட்டால் கடிதம் சிறப்பாக இருக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். போட்டித் தேர்வுகளிலும் இந்தச் சொற்கள் கேட்கப்படும் என்பதால் தெரிந்துகொள்வது நல்லது; பயன்படுத்தும்போது கவனம் தேவை.

'ஆஃபிஷியல்' என்றால் அலுவல் சார்ந்தது. 'ஆஃபிஷியஸ்' என்றால் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பவர். ஓர் அதிகாரிக்கு நன்றி எழுதும்போது இரண்டாவதைப் போட்டால் வசையாகிவிடும். 'மெரிட்டோரியஸ்' பாராட்டுக்குரிய தகுதி உள்ளது. 'மெரிட்ரிஷியஸ்' வெளிப்பகட்டு மட்டும் உள்ளது. சிபாரிசுக் கடிதத்தில் மாணவரை இரண்டாவது சொல்லால் புகழ்ந்தால் அவருக்கு இடம் கிடைக்காது. 'இன்ஜீனியஸ்' ஐஓயூ என்று வந்தால் புத்திசாலித்தனமானது. 'இன்ஜென்யுவஸ்' யூஓயூ என்று வந்தால் கள்ளங்கபடம் அறியாதது. 'வீனல்' லஞ்சத்துக்கு விலைபோகும் குணம். நடுவில் ஐ சேர்ந்த 'வீனியல்' மன்னிக்கத்தக்க சிறு பிழை. 'நாய்சம்' சத்தத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. துர்நாற்றம் உள்ளது என்று பொருள். பக்கத்துத் தொழிற்கூடத்தின் இரைச்சலைப் பற்றிப் புகார் எழுதுபவர் இதைப் போட்டால், வருகிற அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

நாம் செய்ய வேண்டியவை

1. கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தில் முதலில் 'இதில் நான் யார்?' என்று பாருங்கள். உங்கள் பெயருக்கு எதிரே உள்ள சொல்லின் வாலைப் படியுங்கள்.

2. பழக்கமான சொல் பொருந்தாத இடத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். வங்கிச் செய்தியில் 'கோடு' எதற்கு வருகிறது? வாரிசுப் படிவத்தில் 'வெளிமாநிலம்' எதற்கு வருகிறது? அங்கே நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

3. செல்போனில் அகராதி பார்க்கும்போது, காதில் விழுந்ததை வைத்துத் தேடாமல் காகிதத்தில் உள்ள எழுத்துகளை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். உச்சரிப்பு ஒன்றாக இருப்பதுதான் இங்கே சிக்கலே.

4. பத்திரத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். நம் மாநிலத்தில் தமிழில் எழுதிய பத்திரத்தைத் தாராளமாகப் பதிவு செய்யலாம். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால், ஒரு நாள் முன்னதாக நகல் வாங்கி விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அவசரப்படுத்துபவரிடம் அவசரப்படாதீர்கள்.

5. பிள்ளைகள் ஒரு நோட்டில் வாரம் ஐந்து ஜோடிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கட்டும். பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் மறந்துவிடும், வாக்கியம் மறக்காது.

6. வீட்டில் உள்ள பெரியவர்களின் மருந்துப் பெயர்கள், நோயின் பெயர் ஆகியவற்றைத் தமிழ் விளக்கத்தோடு ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

ஆங்கிலம் தெரியவில்லையே என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆங்கிலேயப் பிள்ளைகளே இந்தச் சொற்களில் பலவற்றை மாற்றி எழுதுகிறார்கள். புரியாத காகிதம் எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து வரிக்கு வரி படித்துப் பார்க்கலாம். அசலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு ஜெராக்ஸ் நகல் மட்டும் எடுத்து வந்தால் போதும்.